பந்துக்குள் மூச்சு

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகரும். பால்வெட்டு நேரம் அது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் இருட்டிலேயே கத்தி பட்டையைச் சீவுகிறது, சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டுகிறது. கால்பந்து உருண்டையானதற்கு இந்தப் பால்தான் காரணம்.

1877-இல் கொல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஆடிய பந்து ஒரு சிறுவனின் காலடிக்கு வந்தது. ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி அதை உதைத்துத் திருப்பி அனுப்பினான். அந்த உதையின் ருசி அவனை விடவில்லை. நண்பர்களோடு காசு சேர்த்துப் பந்து வாங்கினான். வாங்கியது ரக்பி பந்து! பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் இதைக் கண்டு, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லித்தந்தார் என்பது கால்பந்து வரலாறு போற்றும் கதை. விரைவில் கொல்கத்தாக் கல்லூரிகளில் அணிகள் எழுந்தன. நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி உருவான அதே 1893-இல் கொல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கம் பிறந்தது.

நாகேந்திரன் பந்து வாங்கிய கடையில் ஏன் இரண்டு வடிவப் பந்துகள்? தொடக்கத்தில் தோலுறைக்குள் இருந்தது பன்றியின் சிறுநீர்ப்பை. ஊதினால் அது தன் இயல்பான நீள்வடிவத்துக்கே போகும். நீள்பந்து தரையைத் தொடும் இடம் அதன் நடுவுக்கு நேர்கீழே இருப்பது அபூர்வம். அதனால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. உருண்டைப் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும்.

அந்தப் பைகளை வாயால்தான் ஊத வேண்டும். இங்கிலாந்தின் ரக்பி ஊரில் செருப்பு தைத்த ரிச்சர்ட் லிண்டனின் மனைவி அந்த வேலையைச் செய்தார். நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதியே நுரையீரல் கெட்டு இறந்தார் என்கிறார்கள். 1862 வாக்கில் லிண்டன் ரப்பர்ப் பையையும், அதில் காற்றடிக்கக் கைப்பம்பையும் உருவாக்கினார். வேண்டிய வடிவத்தில் பந்து செய்ய வழி பிறந்தது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். லிண்டனுக்கு முன்பே, 1839-இல், சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பார்த்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்து வரும். பந்தின் துள்ளலில் இந்த முடிச்சுகளுக்கும் பங்கு உண்டு.

அன்றைய ரப்பரில் பெரும்பங்கு அமேசான் காட்டிலிருந்து வந்தது. நாகேந்திரன் பந்தை உதைப்பதற்கு ஓராண்டு முன், 1876-இல், சுமார் 70,000 ரப்பர் விதைகள் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறின. முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. ரப்பர் பிறகு நம் மலையடிவாரத்திலும் வேரூன்றியது.

தூத்தூர்க் கடற்கரையில் மாலையானால் பிள்ளைகள் மணலில் பந்தோடு ஓடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் ஒருவன் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பம்பைக் கேட்கிறான். நான்கைந்து அடியில் பந்து இறுகிவிடுகிறது. அந்தக் காற்றை ஒரு பெண் தன் மூச்சால் நிரப்பிய காலம் ஒன்று இருந்தது.