போலியும் ஏலாமையும்

மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழாக்குவோர் மூலச்சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து நேரே பெயர்த்துவிடின் பணி முடிந்ததெனக் கொள்கின்றனர். அம்முறை இடறும் இடத்திற்குச் 'சூடோஹைப்போபாராத்தைராய்டிசம்' என்னும் அரிய நோயின் பெயர் தக்க சான்றாகும்.

கழுத்திலுள்ள பாராத்தைராய்டுச் சுரப்பிகளின் ஹார்மோன், குருதியில் சுண்ணச்சத்தாகிய கால்சியத்தை உயர்த்தும். மிகுந்த பாஸ்பேட்டைச் சிறுநீர்வழிப் போக்கும். சுரப்புக் குன்றின் சுண்ணம் குறையும், பாஸ்பேட்டு மிகும், தசைப்பிடிப்பும் வலிப்பும் தோன்றும். இக்குறிகள் உடைய சிலர்க்கு அவ்வார்மோனைச் செலுத்தியும் பயன் விளையாமையை ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவர்தம் குழுவினரும் 1942-இல் வெளியிட்டனர். சுரப்பியில் குறையில்லை, சிறுநீரகமே அதன் ஏவலை ஏற்றிலது. ஆண்சுரப்பு இருந்தும் பெட்டையின் இறகமைப்பைக் கொண்ட செபிரைட்டுச் சேவலை அவர்கள் உவமை காட்டினர். அச்சேவலின் இயல்புக்குக் காரணம் வேறெனப் பின்னர்த் தெரிந்தது. உவமை வீழ்ந்தும் கருத்து நின்றது.

'சூடோ' என்பதற்குப் 'போலி' என்பர். இலக்கணத்தில் நிலம், நிலன் எனப் போலி வருங்கால் எழுத்து மாறும், பொருள் மாறாது. ஈண்டோ குறி மாறாதிருப்பக் காரணம் மாறுகின்றது. ஆயினும் உலக வழக்கு நோக்கி இச்சொல்லை ஏற்கலாம். 'ஹார்மோன் எதிர்ப்பு' என்பதையோ யாம் உடன்படோம். நோயெதிர்ப்பு என்பது நற்பொருளில் வழங்குகின்றது. வேங்கிக்காலில் ஒரு தாய் தன் மகவுக்கு 'எதிர்ப்பு' உளதெனக் கேட்பின் அதனை உடலின் வலிமையென்றே கருதுதல் கூடும். 'ஏலாமை' எனின் ஏற்றுக்கொள்ளாமை, இயலாமை என்னும் இருபொருளும் பொருந்தும்.

இனி, படத்திற்கு வருவோம். 1971-இல் இலண்டனில் நோயாளி ஒருவரின் தலையை முதன்முதல் படம்பிடித்த சி.டி. கருவி, வெற்று எக்சுகதிர்ப் படத்தில் தெரியாத நுண்ணிய சுண்ணப் படிவையும் காட்டவல்லது. எலும்பும் சுண்ணமும் அப்படத்தில் வெண்மையாகத் தோன்றும். குருதியில் சுண்ணம் குறைந்த இந்நோயாளரின் மூளையடி நரம்பணுத் திரள்களில் இருபுறமும் வெண்படிவு காணப்படுதல் வியப்பே. குருதியில் நெடுநாள் மிக்கிருந்த பாஸ்பேட்டு, சுண்ணத்தோடு கூடிப் படிதலே காரணம் என்பர். எனினும் சுரப்பு உண்மையாகவே குன்றியோர்க்கும் இப்படிவு உண்டு. முதியோர் சிலர்க்கு நோயின்றியும் சிறிதளவு தோன்றும். ஆதலின் படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் துணிபு தாராது. சிறுநீரகம் பழுதற்றிருப்ப, சுண்ணம் குறைந்து பாஸ்பேட்டு மிக்கவிடத்து, குருதியில் ஹார்மோனை அளத்தல் வேண்டும். உண்மைக் குறைவில் அது குன்றியிருக்கும், போலியில் மிக்கிருக்கும். இது காணாது, காக்கைவலிப்பெனக் கொண்டு அதற்கே மருந்துண்டு காலங் கழித்தோரும் உளர். அவர்க்கு வேண்டுவன சுண்ணமும் செயல்வடிவ வைட்டமின் டியும் ஆகும்.

குள்ள உருவும் வட்ட முகமும் குறுவிரலும் இருந்து, சுண்ணக் குறைவு இல்லாதாரை ஆல்பிரைட்டு 1952-இல் கண்டு, மூலப்பெயரின்முன் மற்றுமொரு 'சூடோ' சேர்த்தார். ஜி.என்.ஏ.எஸ். என்னும் மரபணுவின் பழுது தாய்வழி வரின் ஏலாமையும் உடற்குறியும் சேர்ந்து தோன்றும்; தந்தைவழி வரின் பெரும்பாலும் உடற்குறி மட்டுமே தோன்றும். இதனைப் 'போலிப்போலி' என்றல் நகைப்புக்கிடமாகும். 'ஏலாமையில் உடற்குறி' என்னின் ஏழாம் வேற்றுமையென மயங்குவர். 'ஏலாமையில்லா உடற்குறி' என விரித்தே வழங்கலாம்.