சாற்றுகவியும் வாசகன் சொல்லும்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தக்கவர் யாவர் என்பதை நன்னூல் வரையறுத்துள்ளது. நூலாசிரியனுக்குக் கற்பித்தவர், அவனோடு உடன்கற்றவர், அவனிடம் பயின்ற மாணாக்கர், நூலுக்கு உரை கண்டவர் ஆகிய நால்வரே அவர். நால்வரும் வேண்டியவர்கள். நூலை விலைக்கு வாங்கியோ இரவல் பெற்றோ படிக்கின்ற வாசகனுக்கு அவ்வரிசையில் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய நம் இஸ்லாமியத் தமிழ் நூல்களின் முன்பக்கங்களிலும் சாற்றுகவிகள் அணிவகுத்து நிற்கும். அவற்றுள் குறை கூறிய கவி ஒன்றையேனும் யான் கண்டதில்லை.

இவ்வழக்கிற்கு மாறாக, தாம் படித்ததைப் பற்றித் தமக்குத் தோன்றியதை அச்சமின்றிக் கூறியவர் க.நா.சுப்ரமண்யம். 1912இல் நம் காவிரிப் படுகையின் வலங்கைமானில் பிறந்தவர். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுத் தமக்கு உகந்த நூல்களை அறிமுகம் செய்தார். பெரும்புகழ் பெற்றிருந்த தொடர்கதைகளை இலக்கியமென ஏற்க மறுத்தார். காரணம் கூறாமல் பட்டியலிடுகிறார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அப்பட்டியல்கள் பலரை நூலகத்திற்கு அனுப்பின.

ஒருவர் உழைத்து எழுதியதைக் குறை கூறுதல் புறம் பேசுவதாகாதா என நம் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. ஹதீஸ் கலையில் ‘ஜர்ஹு, தஅதீல்’ என்றொரு துறை உள்ளமையை அவர்களே நன்கறிவர். இவர் நம்பத்தக்கவர், இவர் நினைவாற்றல் குறைந்தவர், இவர் பொய்யர் என அறிவிப்பாளர்களைப் பெயர் சுட்டி எடைபோட்டனர் முஹத்திஸீன்கள். இது விலக்கப்பட்ட புறம் ஆகாது, தேவை கருதிக் கடமையுமாகும் என்பதை இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீ’னில் தெளிவாக்கியுள்ளார். நூல்களுக்கு அத்துணைக் கடுமை வேண்டியதில்லை, நேர்மை போதும்.

சீறாப்புராணத்திலிருந்தே தொடங்குகிறேன். 5,027 பாடல்கள் கொண்ட இக்காப்பியத்தின் நாட்டுப்படலத்தில், பாலை நிலமாகிய அரபு நாட்டில் நாற்று நடுகின்றனர், களை பறிக்கின்றனர், கதிர் அறுக்கின்றனர். இதனைப் பிழை என்பாரும் உளர், காப்பிய மரபு என்று கூறி அமைவாரும் உளர். கோவில்பத்தில் வாழ்ந்துகொண்டு வயல்களைப் பார்க்கின்ற எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. அண்ணலார் பிறந்த மண்ணைத் தனக்குத் தெரிந்த வளங்களிலெல்லாம் சிறந்த வளத்தால் அழகுபடுத்தியிருக்கிறார் உமறுப்புலவர். ஆனால் ஹிஜ்ரத்துக் காண்டத்துப் போர்ப் படலங்கள் சிலவற்றை முழுமையாகப் படித்து முடிக்க எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. அங்கெல்லாம் கம்பரின் நிழல் கனமாக விழுகிறது. மானுக்குப் பிணை நின்ற படலத்தில் அந்நிழலே இல்லை. வாக்களித்தபடி மான் தன் கன்றோடு திரும்பி வரும் இடம், எத்தனை முறை பாடம் நடத்தினாலும் என் குரலைத் தடுமாறச் செய்கிறது. பாடத்திட்டம் அப்படலத்தோடு நின்றுவிடுவதால், சீறா என்றாலே மான் கதை என்று மாணவர் எண்ணிவிடுவது வேறு வருத்தம்.

நம் காரைக்கால் அம்மையாருக்கும் நேர்ந்தது இதுவே. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவை அறியாதார் இவ்வூரில் இல்லை. அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களைப் படித்தவர்கள்? தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்ட அந்தப் பெண்ணின் துணிவு, மாங்கனிக் கதையின் இனிமையில் மறைந்துபோகிறது.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ 1938இல் உ.வே.சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளிவந்தது. மேடைதோறும் நாம் பெருமையோடு குறிப்பிடுவது அம்மதிப்புரையைத்தான், நாவலை அன்று. ஒரு முஸ்லிம் பெண் அக்காலத்தில் எழுதினார் என்பதோடு நம் வியப்பு முடிந்துவிடுகிறது. எழுதியவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

தோப்பில் முகம்மது மீரான் மீது, நம் குறைகளை ஊரறியச் சொல்லிவிட்டார் என்ற மனத்தாங்கல் இன்றும் உண்டு. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதலில் வெளிவந்தது ‘முஸ்லிம் முரசு’ இதழில் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அவர் நம் வீட்டுக்குள் நின்று நம்மிடமே பேசினார். தேங்காய்ப்பட்டணத்து வழக்குச் சொற்கள் காரைக்கால் வாசகனை முதலில் தடுக்கும். முப்பது பக்கங்கள் பொறுத்தால் காது பழகிவிடும். 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சாய்வு நாற்காலி’யை விட இம்முதல் நாவலையே உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) மிகுந்த சர்ச்சைக்குரியது. சில பக்கங்கள் எனக்கும் கூச்சம் தந்தன. பாத்திரங்கள் அளவுக்கு மிஞ்சியவை, கட்டுக்கோப்பு தளர்ந்தது. ஆனால் அதில் பொய் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இதனைக் கொடுக்கலாமா என்று மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். தாங்கள் படித்தீர்களா என்று கேட்டேன். படிக்கவில்லை என்றார்.

என் சொந்தப் பிரதியை மாணவி ஒருத்தி வாங்கிச் சென்றாள். திருப்பித் தந்தபோது, “உறவுமுறையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன், ஐயா. எங்கள் வீட்டுப் பின்கட்டு இதில் அப்படியே இருக்கிறது” என்றாள். மறுவாரம் அவளுடைய தாயார் அதே நூலை இரவல் கேட்டு அனுப்பியிருந்தார்.