இரண்டு சாவிக் கதவு

ஒரு வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி இரண்டு தட்டில் பரப்புங்கள். ஒரு தட்டில் மட்டும் உப்பைத் தூவுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும், துண்டுகள் துவண்டு கிடக்கும். மாங்காய் ஊறுகாய் போடும் பாட்டியிடம் கேட்டால், "இது தெரியாதா?" என்பார். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். சர்க்கரை தூவினாலும் இதேதான் நடக்கும். (உப்பைக் கழுவிவிட்டு வெள்ளரிக்காயைச் சாப்பிட்டுவிடுங்கள், வீணாக்க வேண்டாம்.)

உங்கள் சிறுகுடலும் இந்த விதிப்படிதான் நடக்கிறது. தண்ணீரை உறிஞ்ச அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. குடல் உப்பை உள்ளே இழுக்கும், தண்ணீர் அதன் பின்னாலேயே வரும். வயிற்றுப்போக்கு வந்தால் இந்த ஓட்டம் தலைகீழாகிவிடும். உப்பும் தண்ணீரும் உடம்பிலிருந்து குடலுக்குள் கொட்டும், அங்கிருந்து வெளியே போகும். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட இப்படிப் போய்விடும். காலையில் நடமாடியவர் இரவுக்குள் இறந்துபோனதாக அந்தக் காலத்தில் சொல்வார்களே, அதற்கு இதுதான் காரணம். உடம்பு வற்றிப்போகிறது.

குடல் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்ற மர்மத்தை விடுவித்த ஊர் கொல்கத்தா. காலராக் கிருமியைத் தேடிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து ராபர்ட் கோக் அங்கே வந்து, 1884இல் அதைப் பிரித்தெடுத்தார். ஒரு குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார். கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது. அது எப்படி ஆளைக் கொல்கிறது என்பது மட்டும் அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. 1959இல் சம்புநாத் டே என்ற கொல்கத்தா மருத்துவர் ஒரு சோதனை செய்தார். காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியையெல்லாம் நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை முயலின் குடலுக்குள் செலுத்தினார். ஒரு கிருமிகூட இல்லாமலே குடலில் நீர் நிறைந்து வீங்கியது. அப்படியானால் கிருமி கக்கும் ஒரு நச்சுதான் குடலை இப்படித் தண்ணீர் கொட்ட வைக்கிறது! இதற்காக அவருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க்கும் இதே கட்சிதான், டேயின் பெயரைப் பரிந்துரைத்தவர் அவர். ஆனாலும் பரிசு வரவில்லை.

சரி, குடல் தண்ணீரைக் கொட்டுகிறது. குடிக்கக் கொடுத்தால் ஈடுகட்டிவிடலாமே? வெறும் தண்ணீர் கொடுத்தால் சரியாக ஏறாது. உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் போதாது, ஏனென்றால் உப்பு உள்ளே போகும் வழக்கமான வழியை நச்சு அடைத்துவிடுகிறது. ஆனால் குடல் சுவரில் இன்னொரு கதவு இருக்கிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அது இயங்கும் விதத்தை விளக்கினார். வங்கி லாக்கர் பார்த்திருக்கிறீர்களா? வங்கிக்காரர் ஒரு சாவி போட வேண்டும், நம் அப்பா ஒரு சாவி போட வேண்டும். தனித்தனியாக யார் போட்டாலும் திறக்காது. இந்தக் கதவும் அப்படித்தான். உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே விடும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நச்சால் இந்தக் கதவை ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் நம் அதிர்ஷ்டம்.

கிரேனுக்கு முன்பே, 1953இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் கொல்கத்தாவில் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அதைப் பற்றி எழுதியும் இருந்தார். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் மருத்துவமனையில் வைத்து அளந்து பார்த்து நிரூபித்தார்கள். அப்போதும் பெரிய டாக்டர்கள் தயங்கினார்கள். நரம்பில் சலைன் ஏற்றுவதுதான் வைத்தியம் என்று ஊறிப்போயிருந்தது. பேதியாகும் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

அப்புறம் 1971 வந்தது. வங்காளதேசப் போரில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். கொல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வரும் பன்காவ், எல்லையோர ஊர். அகதி முகாம்களில் காலரா பரவியது. பன்காவிலிருந்த சிறிய மருத்துவமனைக்குத் தன் குழுவோடு போனார் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். இரண்டு அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். இரண்டே நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது: சலைன் பாட்டில்கள் போதாது, அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதாது.

அவர் ஒரு முடிவெடுத்தார். கொல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையே மருந்துக்கூடமானது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் எடைபோட்டு, பிளாஸ்டிக் பையில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டினார்கள். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பினார்கள். மருந்தைப் புகட்டியது யார் தெரியுமா? பெரும்பாலும் நோயாளிகளின் அம்மாக்கள், அக்காக்கள், அண்ணன்கள். டம்ளரில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக. இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். முகாம்களில் 100 பேரில் 30 பேர் இறந்துகொண்டிருந்த நோயில், இந்தக் கரைசல் குடித்தவர்களில் இறந்தவர்கள் 100க்கு நான்குக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 3.6.

மஹலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். தாமதம்தான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இதே கரைசலுக்கான தூள்தான் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. அதற்குள் இப்போது இருக்கும் கலவை கொஞ்சம் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் கணக்கு ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதா உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். ஆகவே ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்ட வேண்டும். "ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் போட்டுக்கலாம்" என்று பாதியை மடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு கூடிவிடலாம், குறைந்தும் விடலாம். கூடினால் வெள்ளரிக்காய்க்கு நடந்ததுதான் குடலுக்கும் நடக்கும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு. எவ்வளவு தண்ணீர் என்று உறையில் அச்சிட்டிருக்கும், அதை உரக்கப் படித்துக் காட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், கழுவிய கை, கழுவிய பாத்திரம். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பாலிலோ ஜூஸிலோ கரைக்கக் கூடாது.

நடு ராத்திரி, கடை மூடியாயிற்று, பொட்டலம் இல்லை என்றால்? ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொட்டலத்தில் 13.5 கிராம் இருக்க, இங்கே மட்டும் ஏன் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நாம் காப்பியில் போடும் சர்க்கரை குடலில் உடையும்போது பாதிதான் குளுக்கோஸ் ஆகிறது, மீதிப் பாதி வேறொரு சர்க்கரை. கரைத்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கரையுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதுதான். அரிசியின் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பாப்பாவுக்கு 50 முதல் 100 மில்லி, அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. மடக் மடக்கென்று குடித்தால் வாந்தியாகும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், பாப்பாவுக்குத் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையையும் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், அளவை டாக்டரோ நர்ஸோ சொல்வார். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் மாத்திரையை முடித்தாக வேண்டும்.

கண் குழிந்துபோவது, அழுதால் கண்ணீர் வராதது, பல மணி நேரம் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து தூங்குவது, மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி. இதில் ஒன்றைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். குடிக்க முடிந்தால் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே போகலாம்.

கடையில் வாங்கப் போனால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பெரிதாக அச்சிட்டு, அட்டைப் பெட்டியில் பழச்சுவைப் பானங்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சர்க்கரை எக்கச்சக்கம். பேதியாகும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் குடலுக்குள் இன்னும் தண்ணீர்தான் இறங்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடைக்காரர் எதை நீட்டினாலும் உறையைத் திருப்பி, நான்கு பொருட்களும் மேலே சொன்ன அளவில் (200 மில்லிப் பொட்டலம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு) இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் அந்தப் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும்.