உங்களுக்குத் தெரியுமா? ஒரு முகத்துக்கு எத்தனை தையல்?

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் புகைப்படம் புரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எப்போது மாற வேண்டும் என்று தையல் தையலாகக் கட்டளை தர வேண்டும். அதுதான் டிஜிட்டைசிங். மென்பொருள் தானாகவே மாற்றித் தரும். ஆனால் கன்னத்து நிழலுக்கு எந்த நூல், தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முடிவெடுக்கத் தேர்ந்த கண் வேண்டும். அந்த உழைப்புக்குத் தனிக் கட்டணம் நியாயமே. தைப்பதற்குப் பெரும்பாலும் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கு. சட்டைப்பைச் சின்னத்துக்குச் சில ஆயிரம் போதும். பெரிய முகமோ 50,000-ஐத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 800 தையல் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். படத்தைச் சிறிதாக்கினால் செலவு குறையும், ஆனால் கண்ணும் உதடும் கலங்கிப்போகும்: நூலின் தடிமனே ஏறக்குறைய 0.4 மி.மீ.