ஆறாவது கோப்பை

ஹூஸ்டனில் இருக்கும் அக்கா ஒரு ராத்திரி போனில் கூப்பிட்டாள். "கால்வெஸ்டன்லேர்ந்து ஏழு நாள் கப்பல் புக் பண்ணியிருக்கோம்டா. டிரிங்க் பேக்கேஜ் வேணுமான்னு கேக்குது. உங்க அத்தான் வாங்கிடலாம்ங்கறார். எனக்கு மனசு ஒப்பலை. நீ கணக்குப் போட்டுச் சொல்லேன்."

திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 75 டாலர். கீழே சின்ன எழுத்தில் 18 சதவீதச் சேவைத்தொகை தனி. அதற்கும் கீழே, இன்னும் சின்ன எழுத்தில், மூன்று நிபந்தனைகள். பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒரே கேபினில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். ஒருவருடைய கோப்பையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அக்கா மதுவை முகர்ந்துகூடப் பார்த்தவள் இல்லை. அவளுக்கும் சேர்த்து ஏழு நாளைக்கு 1,239 டாலர்.

ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை என்றுதான் பேனாவை எடுத்தேன். ஒரு வாரம் பிடித்தது. ஒரு கோப்பைக்குள் இவ்வளவு பொருளியலும் உளவியலும் வேதியியலும் கரைந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் படி, பள்ளிக்கூட வகுத்தல். பேக்கேஜின் ஒரு நாள் விலையை ஒரு கோப்பையின் விலையால் வகுத்தால், எத்தனையாவது கோப்பையில் போட்ட பணம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். அந்த 18 சதவீதம் தனித்தனியாக வாங்கும் கோப்பைக்கும் உண்டு. இரண்டு பக்கமும் இருப்பதால் அதைத் தள்ளிவிட்டே வகுக்கலாம். காக்டெயில் 14 டாலர் என்றால், விடை 5.36. ஆறாவது கோப்பையைக் கையில் எடுக்கும்போதுதான் லாபம் தொடங்குகிறது. பீர் 8 டாலர் என்றால் பத்தாவது பீரில்.

ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி நாள் இல்லை. கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் கப்பல்கள் மெக்சிகோவின் கோசுமெல், ஹோண்டுராஸின் ரோவாட்டான் போன்ற துறைமுகங்களில் நிற்கும். காலையில் இறங்கிக் கடற்கரைக்கும் பவளப்பாறைகளுக்கும் போனவர்கள் மாலையில்தான் திரும்பி ஏறுவார்கள். கரையில் குடிப்பதற்கு பேக்கேஜ் செல்லாது. துறைமுக நாள் மூன்று. மாலையில் கிளம்பும் முதல் நாளும் அரை நாள்தான். இந்த நாலு நாளிலும் மூன்று மூன்று கோப்பை என்று வைத்தால் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் போட்ட பணம் திரும்ப 38 காக்டெயில் வேண்டும். மிச்சம் 26. அதைக் கடலிலேயே இருக்கும் மூன்று நாளில் குடித்து முடிக்க வேண்டும். நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்பது.

இந்த ஒன்பது என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

கப்பல் நிறுவனங்களுக்கு இந்த வியாபாரம் ஏன் முக்கியம்? உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான கார்னிவலின் 2023ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட்டுக்கு வெளியே வந்தது. மதுக்கூடம், சூதாட்டக்கூடம், கரைச் சுற்றுலா, கடைகள் எல்லாம் அதில் அடக்கம். டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, ஏறிய பிறகு சம்பாதிப்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஏற்பாடு. அதில் தவறு இல்லை. தெரிந்துகொண்டு ஏறினால் போதும்.

கேபினில் இருவருமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அக்காவுக்கு அநியாயமாகப் பட்டது. அதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரு பேக்கேஜில் இரண்டு பேர் குடித்துவிடுவார்கள். இன்னொரு காரணம் ஆழமானது. 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்று ஒரே விலை வைத்தால், அதிகம் குடிப்பவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். கொஞ்சமாகக் குடிப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். விலையை ஏற்றினால் இன்னும் சிலர் ஒதுங்குவார்கள். காப்பீட்டுத் துறையை வாட்டும் அதே சிக்கல் இது. வாங்குபவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது விற்பவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றார். குடிகாரரோடு குடிக்காதவரையும் கட்டிப்போடுவது அந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து. அத்தானின் பீருக்கு அக்கா காப்பீட்டுத் தவணை கட்டுகிறாள் என்று சொல்லலாம்.

"அவர் ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பார்?" என்று கேட்டேன். போனை வாங்கி அத்தானே சொன்னார்: "லீவுல போறோம் மாப்ளே. அஞ்சாறு போகாதா?"

வீட்டில் சனிக்கிழமை இரண்டு பீருக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவும் இல்லை. எதிர்காலத்தில் இருக்கும் நம்மை நாம் இப்படித்தான் கற்பனை செய்கிறோம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை அலசி, 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். எத்தனை முறை வருவீர்கள் என்று தனியே ஒரு கூட்டத்தைக் கேட்டபோது, மாதம் 9.5 முறை என்ற சராசரி கிடைத்தது. நினைப்பு நிஜத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இதில் தப்புக்கணக்கு மட்டும் இல்லை, ஒரு நிஜமான வேதனையும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் மனம் சுருக்கென்று வலிக்கிறது. டிராசென் பிரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் இருவரும் 1998இல் எழுதிய ஆய்வில் ஓர் அழகான கேள்வி வருகிறது. துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் வாங்கப் போகிறீர்கள். தவணையை வாங்குவதற்கு முன்பே கட்டுவீர்களா, பிறகு கட்டுவீர்களா? 100க்கு 84 பேர் பிறகு என்றார்கள். அதே தவணை, அதே விலை, ஆனால் ஒரு வாரக் கரீபியன் சுற்றுலாவுக்கு என்றால்? 100க்கு 60 பேர் முன்பே கட்டிவிடுகிறோம் என்றார்கள். வட்டியைப் பார்த்தால் அது நஷ்டம். ஆனால் கட்டி முடித்த பயணம் இலவசம் போல இனிக்கிறது. பேக்கேஜ் விற்பது அந்த இனிப்பை. அது ஏமாற்று இல்லை. மனிதருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்று. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கட்டிய பிறகு இன்னொரு விசை வந்து சேர்கிறது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர். 1985இல் முடிவு வெளிவந்தது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகம் பார்த்தார்கள். ஆசை ஒன்றுதான், கொடுத்த பணம் பிடித்துத் தள்ளியது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. நாம் அன்லிமிடெட் சாப்பாட்டில் வேண்டாத மோரையும் கேட்டு வாங்குவது இதனால்தான். கப்பலில் ஏறிய முதல் நாள், "போட்ட பணத்தை எடுக்கணும்" என்று ஆரம்பிப்பதும் இதனால்தான்.

ஆனால் எடுக்க முடியுமா? ஹெர்மன் ஹைன்ரிச் கோஸன் என்ற ஜெர்மானியர் 1854இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் இன்பத்தைத் தொடர்ந்து அனுபவித்தால் ஒவ்வொரு அடுத்த அளவும் முந்தையதைவிடக் குறைவான இன்பமே தரும், கடைசியில் திகட்டும் என்பது அதன் மையம். புத்தகம் விற்கவில்லை. மனம் உடைந்து பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1858இல் இறந்தும் போனார். இன்று பொருளியலின் முதல் பாடமே அதுதான். முதல் கோப்பையில் பனிக்கட்டி பல்லில் படும் சுகம் ஆறாவதில் இருக்காது. லாபம் தொடங்கும் இடம் அந்த ஆறாவதுதான்.

இப்போது ஒன்பதுக்கு வருகிறேன். இந்தக் கணக்கில் கப்பல் நிறுவனமும் பயணியும் மறந்துவிடும் மூன்றாவது கணக்கர் ஒருவர் இருக்கிறார்: கல்லீரல்.

ஒரு காக்டெயிலில் 40 சதவீத மது 44 மில்லி ஊற்றினால், அதில் தூய ஆல்கஹால் 14 கிராம். அமெரிக்காவில் 'ஒரு கோப்பை' என்பதற்கான அதிகாரபூர்வ அளவும் இதுவே. இந்த 14 கிராமும் ரத்தத்தில் கலந்து, உடலில் நீர் இருக்கும் இடமெல்லாம் பரவுகிறது. கழிய முக்கியமான வழி கல்லீரல்தான். அங்கே ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்ற, இன்னொரு நொதி அந்த நச்சை அசிட்டேட்டாக மாற்றுகிறது.

வியப்பு இங்கேதான். பெரும்பாலான மருந்துகளை உடல் விகிதப்படி கழிக்கிறது. ரத்தத்தில் அதிகம் இருந்தால் அதிகம் கழியும். ஆல்கஹால் அப்படி இல்லை. ஒன்றிரண்டு கோப்பையிலேயே முதல் நொதியின் கை நிறைந்துவிடுகிறது. சுங்கச்சாவடியில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பத்து வண்டி நின்றாலும் நூறு வண்டி நின்றாலும் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகள் அத்தனையேதான். ஸ்வீடன் நாட்டு எரிக் விட்மார்க் ரத்தத்தை அளந்து அளந்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளில் நிபுணர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். காபி குடித்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் இரண்டாவது கவுண்டர் திறக்காது.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் கழிக்கும். ஒன்பது காக்டெயிலில் 126 கிராம். வேகமான கல்லீரலுக்கும் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். மெதுவானதற்கு 18 மணி நேரம். பகல் 11 மணிக்குத் தொடங்கியவரின் உடலில், மெதுவான கல்லீரல் என்றால், மறுநாள் விடியற்காலை 5 மணி வரை மது இருக்கும். கார்னிவல் தன் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பதினைந்து என்றால் 210 கிராம். மணிக்கு 7 கிராம் கழிக்கும் உடலுக்கு அது 30 மணி நேர வேலை. நாளுக்கு 24 மணி நேரம்தான். இரண்டாம் நாள் காலையில் அவர் முதல் நாளின் கடனோடு எழுந்திருப்பார். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே கோப்பை ரத்தத்தில் இன்னும் அடர்த்தியாக ஏறும்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. இந்தக் கட்டுரை மதுவிலக்குப் பிரசாரம் இல்லை. ஆனால் பணத்தைத் திரும்ப எடுப்பதற்காக உடலைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கப்பலில் இலவசமாகக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர், சாதாரண காபி, டீ, பெரும்பாலும் எலுமிச்சைச் சாறும் டிக்கெட்டிலேயே அடக்கம். அந்தத் தண்ணீரின் கதை எந்தக் காக்டெயிலையும் விடச் சுவையானது. கப்பல்கள் தண்ணீரின் பெரும்பகுதியைக் கடலிலிருந்தே தயாரித்துக்கொள்கின்றன. காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்துக்குள் கடல்நீரை விட்டால், 100 டிகிரிக்கு வெகு கீழேயே அது கொதித்துவிடும். எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிவரும் தண்ணீரின் வெப்பமே அதற்குப் போதும். ஆவி குளிர்ந்து நன்னீராகிறது. கப்பலைத் தள்ளிய எஞ்சினின் மிச்சச் சூட்டில் பிறந்த தண்ணீர் அது. மது, உடலில் நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் குறைத்து, சிறுநீரை அதிகமாக்குகிறது. கரீபியன் வெயிலில் உடல் முதலில் கேட்பது இந்தத் தண்ணீரைத்தான்.

பேக்கேஜ் யாருக்கு உதவும்? துறைமுகமே இல்லாமல் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்தில், காலையில் இரண்டு லாட்டே, பகலில் இரண்டு குளிர்பானம், மாலையில் இரண்டு மூன்று காக்டெயில் என்று இயல்பாகவே குடிக்கும் தம்பதிக்கு, தள்ளுபடி விலையில் கிடைத்தால், உதவலாம். இருவரும் குடிப்பவர்களாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு என் தீர்ப்பு: வேண்டாம்.

அக்காவுக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தேன். அத்தானுக்கு நாளைக்கு இரண்டு பீர், ஒரு லாட்டே. அக்காவுக்கு ஒரு லாட்டே, ஒரு மாக்டெயில். பீரும் மாக்டெயிலும் 8 டாலர், லாட்டே 5. சேவைத்தொகையோடு நாளைக்கு 40 டாலர் 12 சென்ட், வாரத்துக்கு 281. முன்பே கட்டிய நிம்மதியும் வேண்டுமே, அதனால் 300 டாலரை இன்றே ஒரு உறையில் போட்டுத் தனியே வைத்துவிடு, அது போய்விட்ட பணம் என்று நினைத்துக்கொள் என்றேன்.

நீங்களும் கப்பல் ஏறுவதாக இருந்தால், புக் செய்வதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் குடிப்பதை எல்லாம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். விடுமுறைக்கென்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு வகுங்கள்.

திரும்பி வந்ததும் அக்கா பில்லை அனுப்பினாள். பானங்களுக்கு மொத்தம் 261 டாலர் 96 சென்ட். அத்தானுக்கு நான் பதினாலு பீர் போட்டிருந்தேன். அவர் குடித்தது பன்னிரண்டு.