மணலில் எழுதக் கற்ற பாதிரியார்

அந்நிய தேசங்களிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பாதிரிமார்களைப் பற்றி நம்மவர்களிடையே இருவகை அபிப்பிராயங்கள் உண்டு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்த புண்ணியவான்கள் என்று கை கூப்புவோர் ஒரு சாரார். நம் கோயிலையும் ஆசாரத்தையும் பழித்தவர்கள் என்று முகம் சுளிப்போர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவ்விரு சாராரும் ஒரு கணம் நின்று யோசிக்கத்தக்க சரித்திரம் ஒன்று தரங்கம்பாடிக் கடற்கரையில் நடந்திருக்கிறது. போதிக்கவென்று கப்பலேறி வந்த ஓர் இளைஞன், போதிப்பதற்கு முன் மாணாக்கனாகத் தரையில் உட்கார நேர்ந்த கதை அது.

தரங்கம்பாடியில் டென்மார்க் தேசத்து வியாபாரிகள் தங்குவதற்கு 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் அளித்தார். அவர்கள் அங்கே டான்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு மிளகும் துணியும் வாங்கிக் கப்பலேற்றி வந்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஜனங்களின் ஆத்மாவைப் பற்றி அவர்களுக்குக் கவலை எதுவும் உண்டாகவில்லை. மிளகு மூட்டையைப் பற்றிய கவலையே போதுமானதாக இருந்தது. அந்தக் கவலை கடைசியில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக்கே உண்டாயிற்று. தம் நாட்டில் தக்கவர் அகப்படாமையால் அவர் ஜெர்மனியில் ஆள் தேடச் செய்தார். அகப்பட்டவர்கள் இருவர்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ.

சீகன்பால்கு 1682-ல் ஸாக்ஸனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். தேக சௌக்கியமோ மிகவும் குறைவு. ஹாலே நகரத்துக் கலாசாலையில் பிராங்கே என்ற பெரியாரிடம் பயின்றபோதும் நோயினால் படிப்புத் தடைப்பட்டது. இப்படிப்பட்டவர் 1705 நவம்பர் மாதம் கோபன்ஹேகன் துறைமுகத்தில் கப்பலேறினார். ஏழு மாதத்துக்கு மேல் கடலில் அலைந்து, 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் கரை சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு.

கரையில் கிடைத்த உபசாரம் விசித்திரமானது. அரசர் அனுப்பிய மனிதர்கள் என்றால் மேளதாளத்துடன் வரவேற்றிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்ததோ வேறு. கோட்டைத் தலைவரான ஹாஸியஸ் என்பவர் அவர்களை வெகு நேரம் காக்க வைத்து, பிறகு வந்து கடுமொழி கூறினார். பொழுது சாயும் வேளையில், இரவு தங்குவதற்கு ஓர் இடம் காட்டுவாரின்றி இருவரும் தெருவில் நின்றார்கள். மதப் பிரசாரம் செய்தால் ஊரில் கலகம் விளையும், கலகம் விளைந்தால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனிக்காரர்களின் கணக்கு. தம் மதத்தவரே தமக்குப் பகைவர் என்பதுதான் அந்த இளைஞர் நம் மண்ணில் கற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடம் பாஷையைப் பற்றியது. அக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரோடு பேசப் பயன்பட்டது கொச்சைப் போர்த்துகீசு. அதைப் புளூட்சோ மேற்கொள்ள, தமிழைத் தமக்கென்று வைத்துக்கொண்டார் சீகன்பால்கு. ஆனால் கற்பது எப்படி? அகராதி கிடையாது; கையிலெடுத்துப் படிக்க இலக்கணப் புத்தகமும் கிடையாது. வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரை அணுகி, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி அவர் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு பாதிரியாரும் உட்கார்ந்தார். அவர்கள் மணலில் விரல் வைத்து எழுத்துக்களை வரைய, அவரும் வரைந்தார்.

இந்தக் காட்சியை நேயர்கள் சற்று மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் பயின்ற கலாசாலை மாணவர், அரசரின் ஆணை பெற்று வந்தவர், ஐந்து வயதுப் பாலகன் பக்கத்தில் அமர்ந்து அகரத்தைச் சுழிக்கிறார். பிழை செய்தால் அந்தப் பாலகன் சிரித்திருப்பான், சந்தேகமில்லை. வகுப்பில் பிள்ளைகளோடு பழகும் நமக்கு, அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பது தெரியும்.

எழுத்து வசமானதும் வேகம் பிறந்தது. முன்பு கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் என்பவர் அவருக்கு உதவியாக அமைந்தார். காலையில் வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, பிறகு புலவர் ஒருவரோடு ஏடு வாசிப்பது, பிற்பகலிலும் அதுவே, இருட்டிய பின் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துப் பிறர் வாசிக்கக் கேட்பது என்று தம் நித்திய கர்மத்தை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏடுகளைத் தேடி உள்நாட்டுக்கு ஆட்களை அனுப்பினார். படித்த கணவரை இழந்த பிராமண ஸ்திரீகளிடம் இருந்த சுவடிகளை விலை கொடுத்து வாங்கினார். வந்து இரண்டே ஆண்டுகளில், 1708-ல், தாம் சேகரித்த தமிழ் நூல்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தார். அதில் தமிழர் இயற்றிய நூல்கள் மட்டும் 119. திருக்குறளும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். நம் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் நீதிகளைத் தம் தேசத்துப் பெரியவர்கள் படித்தறிய வேண்டும் என்று அவர் விரும்பினார்.

ஐரோப்பியர் அந்நாளில் தமிழரை மலபார்காரர் என்று அழைத்தனர். ஒழுங்கும் கல்வியும் அற்ற காட்டு ஜனங்கள் என்றே பலர் எண்ணியிருந்தனர். தாமும் வந்த புதிதில், இவர்கள் பாஷைக்கு இலக்கணமோ வாழ்க்கைக்கு நீதி நெறியோ இருக்கும் என்று நினைக்கவில்லை என்று சீகன்பால்கு மறைக்காமல் எழுதினார். ஏடுகளைப் படித்த பிறகே அந்த எண்ணம் தகர்ந்தது. படிக்காத வரையில் எந்த நாட்டானும் மற்ற நாட்டானுக்குக் காட்டுமிராண்டிதான் போலும்!

இதைக்கொண்டு அவர் நம் சமயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று எவரும் மகிழ வேண்டாம். நம் தெய்வங்களைப் பொய்த் தெய்வங்கள் என்றே கடைசிவரை அவர் சொல்லிவந்தார். ஆட்களைச் சேர்ப்பதற்காகவே வந்தார், சேர்க்கவும் செய்தார். 1707 மே மாதத்தில் அவர்கள் முதன்முதல் ஞானஸ்நானம் கொடுத்தது, ஐரோப்பிய எஜமானர்களிடம் இருந்த ஐந்து அடிமைகளுக்கு. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு சிறு கோயிலும் எழும்பியது.

கோட்டைக்காரர்களின் கோபமும் அதனுடன் வளர்ந்தது. 1708-ல், கடன் வழக்கு ஒன்றில் ஏழைத் தமிழ் விதவை ஒருத்திக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். அதிகாரிக்கு அது ராஜத் துரோகமாகத் தோன்றியது. சிப்பாய்கள் வந்து அவரைப் பிடித்துச் சென்று கோட்டையில் அடைத்தார்கள். கடற்கரை வெக்கையில் நான்கு மாத காலம் சிறைவாசம். எழுதுகோலையும் மையையும் கூடக் கொடுக்க மறுத்தார்கள். 1709 மார்ச்சில்தான் விடுதலை கிடைத்தது. எழுத்தறிந்தவனை அடைப்பவர்கள் முதலில் எழுதுகோலைப் பறிப்பது எக்காலத்துக்கும் பொதுவான வழக்கம் என்பதை, சுதந்திரப் போரில் சிறை சென்று வந்தவர்களைக் கண்ட நம் குடும்பங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

வெளியே வந்தவர் வேலையைத் தொடர்ந்தார். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டார். தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதி 1716-ல் ஹாலேயில் வெளியிட்டார். இவற்றினும் அருமையான காரியம் வேறொன்று உண்டு. 1712 முதல் தமிழ் அன்பர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடித மூலம் பதில் பெற்றார். கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார். பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தமில்லை என்று நம்மவர்கள் தயவு தாட்சண்யமின்றி எழுதினார்கள். அவற்றையும் ஜெர்மனிக்கு அனுப்பினார் சீகன்பால்கு.

அனுப்பியவர்களுக்கு இவ்வளவு கல்வி தேவைப்படவில்லை. நம் தெய்வங்களின் வரலாறு, வழிபாடு, திருவிழா எல்லாவற்றையும் விரிவாகத் தொகுத்து 1713-ல் ஒரு பெரு நூல் எழுதி முடித்தார். அதை அச்சிடப் பிராங்கே மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதாவது என்பது அவருடைய வாதம். கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டு உறங்கி, 1867-ல் சென்னையில் அச்சேறியது. ஆசிரியரோ 1719 பிப்ரவரி 23-ம் தேதியே, முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியில் காலமாகிவிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமும் ஆனார்.

டென்மார்க்காரர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயரும் 1947-ல் போனார்கள். பாதிரியாரை அடைத்த கோட்டை இன்று காட்சிசாலையாக இருக்கிறது. அதிகாரியின் பெயரை, சீகன்பால்கின் கதையைச் சொல்லும்போதுதான் ஒருவர் நினைக்கிறார்.

இப்போது நம்மை ஆள்பவரும் நமக்குப் போதிப்பவரும் நம்மவரே. பட்டணத்தில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் உபாத்தியாயராகவும், வைத்தியராகவும், அதிகாரியாகவும் கிராமங்களுக்கும் மலைநாடுகளுக்கும் போகிறார்கள். அங்குள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தையும் அவர்களில் பலர் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்கிறார்கள். கடல் கடந்து வந்த அந்நியருக்கு அந்த எண்ணத்தைக் களைய இரண்டு ஆண்டும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டன. நம் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியம்தான். முதல் நாள் வாய் திறக்க வேண்டாம். அவ்வூர்க் குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளட்டும்.