மருதமலையும் துணிக் கிளிப்பும்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் வீடா கண்ணு? சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அம்மாவையோ அண்ணனையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போ. கைப்பிடிச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, நடு மாடியில் நில். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கு.

முதலில், துணி காயப்போடும் கொடியில் உன் முகத்துக்கு அருகே ஒரு கிளிப்பை மாட்டி அதையே பார். ஓரளவு ஆடாமல் நிற்பாய். அடுத்து, கட்டடம் மறைக்காவிட்டால், மேற்கே தெரியும் மருதமலையைப் பார். கணுக்கால் கொஞ்சம் கூடுதலாகத் துடிக்கும். கடைசியாகக் கண்ணை மூடு. பெரும்பாலும் சில நொடிகளில் தூக்கிய கால் தரைக்கு வந்துவிடும்!

அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பாதமும் மூட்டுகளும், உள்காதும், கண்ணும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அரை மீட்டர் தள்ளியிருக்கும் கிளிப்பைப் பார்க்கும்போது தலை ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தாலும், பார்வையில் அது ஒரு பாகைக்கு மேல் நகர்கிறது. மூளை உடனே காலைச் சரிசெய்கிறது. மருதமலையோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். நீ எவ்வளவு ஆடினாலும் அது நகர்வதாகத் தெரியாது. உயரமான இடத்தில் நின்றால் கால் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்: கண் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒன்றுமே இருப்பதில்லை.

இப்போது கண்ணை அசைத்துப் பார்க்கலாம். துணைக்கு வந்தவர் தன் கட்டைவிரலை மெதுவாக இடமும் வலமும் நகர்த்தட்டும். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர்ந்து போ. ஒற்றைக் காலில் நிற்பது இன்னும் சிரமமாகும். கண் உருளும்போது பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, சுவர், வானம் எல்லாமே பார்வையில் வழுக்கிப் போகின்றன. நகர்ந்தது கண்ணா, உடம்பா என்று மூளை பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தப் பக்கத்தைப் படித்தபடியே தலையை வேகமாக இடவலமாக ஆட்டு. எழுத்து கலையாது. தலையை ஆட்டாமல் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டு. எழுத்தெல்லாம் கலங்கிவிடும். தலை திரும்பினால் உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் அதை உணர்த்துகிறது. ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது.

இந்தத் தொடர்பை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி நோயாளிகளின் காதில் குளிர்ந்த நீர் விட்டார். கண் ஒரு பக்கமாகத் துள்ளியது. வெந்நீர் விட்டார், எதிர்ப்பக்கம் துள்ளியது. உள்காதைப் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். (நீ காதில் தண்ணீர் விட்டுப் பார்க்காதே. அது மருத்துவர் செய்யும் சோதனை.)

காதும் கண்ணும் வேறு வேறு சேதி சொன்னால்? வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் கதைப் புத்தகத்தைப் பிரித்தால் குமட்டுகிறதல்லவா? வண்டி திரும்புகிறது என்கிறது காது. பக்கம் அசையவே இல்லை என்கிறது கண். புத்தகத்தை மூடிவிட்டு முன் கண்ணாடி வழியே சாலையைப் பார். ஓட்டுநருக்குப் பெரும்பாலும் குமட்டுவதில்லை. அடுத்த வளைவை அவர் கண் முன்பே பார்த்துவிடுகிறது.